டெல்மருக்கு ஒரு தகுதி நீக்கம்

“கோட்டைத் தாண்டலைன்னு சொல்றேன்ல டெல்மர், நீ நின்ன இடத்துலேர்ந்து பாத்தா—”

“தாண்டிச்சு ஆர்லோ. உனக்குப் பின்னாடிதான் நின்னேன், குழல் முனை என்னையே—”

“உன்னையா? உன் தொப்பையைத் தாண்டி உனக்கு என்னய்யா தெரியும்.”

“தொப்பையை விடு. இன்னிக்கு உன் ஆட்டம் முடிஞ்சுது. பையை எடு.”

“முப்பத்தோரு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது என்னை எவனாவது—”

“அதான் எனக்கும் சங்கடமா இருக்கு. லொரெட்டா, நீ பக்கத்துலதானே நின்னே. நீயே சொல்லு.”

“நான் டேப்லெட்டைப் பாத்துட்டு இருந்தேன்” என்றேன்.

உங்கள் விசாரணை அறையின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருக்கிறது. நான் நடந்துகொண்டே பேசுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது போன சனிக்கிழமையைப் பற்றி. நான் இப்போது சொன்னது போன வருஷம் ஆகஸ்டில் நடந்தது. அங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். ஆர்லோ என் அண்ணன். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊருக்கு வெளியே ஒரே வீட்டில் இருந்தோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பழைய மணல் குவாரியில் துப்பாக்கி சுடும் போட்டி. அவன் சுடுவான், நான் நடுவர். பத்தொன்பது வருஷமாக நடுவர். டெல்மரும் எங்கள் கிளப்தான்; அந்த ஆகஸ்டில் ஆர்லோவுக்கு அவர் நடுவர், நான் டேப்லெட்டில் மதிப்பெண் குறிப்பவள்.

எங்கள் ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட வேண்டும். அதனால் விதிகள் கடுமை. சுடுபவரின் இரண்டு தோள்கள் வழியாக இடமும் வலமுமாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழல் முனை அந்தக் கோட்டுக்குப் பின்னால் வரக் கூடாது. வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மதிப்பெண் கிடையாது, மேல்முறையீட்டில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நண்பன், அண்ணன் என்று பார்ப்பதில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். வெளியேற்றப்பட்டவர் அன்று எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் கிளப்பில் ஒரு வேடிக்கை. ஆர்லோ வண்டியை நோக்கி நடந்தபோது யாரோ கத்தினார்கள்: “ஆர்லோ, எனக்கு ஸ்ட்ராபெர்ரிப்பா.” எல்லாரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஆர்லோ குவாரிப் பக்கம் வரவில்லை. கொட்டகையில் நின்று, காலித் துப்பாக்கியோடு அன்றைக்குத் திரும்பிய மாதிரியே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பான். “இப்ப சொல்லு லொரெட்டா, தாண்டுதா?” என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பான். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்க் கேட்பான். இல்லை என்பேன். பிப்ரவரியில் பனி தள்ளும்போது விழுந்தான். இதயம் என்றார் டாக்டர். டாக்டருக்கு அவனை எத்தனை நிமிஷம் தெரியும்.

சாவு வீட்டுக்கு டெல்மரும் அவர் மனைவி ஜோலீனும் வந்தார்கள். ஜோலீன் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டு ஒரு பெரிய தட்டு கொண்டுவந்தாள். நான் அதை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஜோலீன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். டெல்மரும் ஒரு நாள், எல்லார் முன்னாலும், விதிப்படி, பையை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பொய்யாக அவரை வெளியேற்றியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. தப்பை அவரே செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். நான்கு மாதம். ஒவ்வொரு போட்டியிலும் அவர் விரலைப் பார்த்தேன், குழல் முனையைப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் கிடையாது. கவனமான மனிதர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை என் களத்துக்கு வந்தார். மாநில அணிக்குக் கடைசித் தேர்வு. பிரமாதமாகச் சுட்டார். நான் வழக்கமானதைச் சொன்னேன்: “முடிச்சுட்டா, குண்டை இறக்கிக் காட்டுங்க.” முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவ வேண்டும், பிறகு துப்பாக்கியின் மேல்பகுதியை இழுத்துக் குழல் அறையில் கிடக்கும் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். சந்தோஷத்தில் அவர் மாற்றிச் செய்தார். முதலில் இழுத்தார். தோட்டா மேலே பறந்தது, அதைக் காற்றிலேயே கையால் பிடித்தார். குழு முழுதும் கைதட்டியது. அதற்குப் பிறகுதான் மேகசினை உருவினார். அதற்குள் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிட்டது. தோட்டா ஒன்று கைக்குள் இருப்பதால் அறை காலி என்று அவர் மனம் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்டத்தில் பழையவர்கள் செய்யும் தப்பு இது, புதியவர்களுக்கு அந்தத் தோட்டாவைப் பிடிக்கவே தெரியாது.

துப்பாக்கியை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை; என் கையிலிருந்த டைமரைப் பார்த்தார். “எவ்வளவு லொரெட்டா? பன்னெண்டு செகண்டுக்குள்ள வந்துட்டேனா? சொல்லேன்மா, உயிரை எடுக்காதே.”

நான் உள்ளே பார்த்தேன். பித்தளை தெரிந்தது.

முதல் நாள் உங்களிடம் வெயிலில் கண் கூசியது என்றேன். கூசவில்லை.

நடுவர் அப்போது சொல்ல வேண்டிய வாக்கியம், “காலியா இருந்தா, விசையை இழுத்து உறையில வைங்க.” காலித் துப்பாக்கியில் வெறும் ‘கிளிக்’தான் கேட்கும்; காலியா இல்லையா என்பது சுடுபவரின் பொறுப்பு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. விசையை இழுத்தால் உள்ளே இருந்த குண்டு எதிரே இருக்கும் மண்மேட்டில் போய்ப் புதையும். சத்தம் கேட்கும். விதிப்படி டெல்மர் வெளியே. அவ்வளவுதான் நான் நினைத்தது.

குழுவில் ஒருவர் போனில் வீடியோ எடுத்ததாகவும், அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் என் தலை இடது பக்கம் திரும்புவது அதில் தெரிவதாகவும் சொன்னீர்கள். ஏன் திரும்பியது என்று நேற்றிலிருந்து நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். ஜன்னல் திரையை இறக்கலாமா. சரி, இருக்கட்டும்.

இடது பக்கப் பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஜோலீன் வந்துகொண்டிருந்தாள். இலக்கு அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒட்டுவதற்கு, கையில் ஸ்டிக்கர் சுருளோடு. “களம் காலி” என்று நான் சொன்ன பிறகுதான் யாரும் அந்தப் பக்கம் போகலாம். ஜோலீனுக்கு எப்போதும் அவசரம். “இன்னொரு தடவை நான் சொல்றதுக்கு முன்னாடி போனா உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று வசந்த காலத்திலேயே கத்தியிருக்கிறேன். “அனுப்பேன், சமைக்கிற வேலையாவது முடியும்” என்று சிரித்தாள். காதுமூடியைச் சரிசெய்தபடி, குனிந்தபடி, டெல்மரின் துப்பாக்கி நீட்டியிருந்த அட்டைக்கு நேராக வந்தாள்.

“நில்லுங்க” என்று கத்துவது என் வேலை. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். நினைப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. நாக்கு நுனி வரை வந்தது. கத்தினால் டெல்மர் நிற்பார், கீழே பார்ப்பார், தோட்டாவைப் பார்ப்பார், எடுத்துவிடுவார். தகுதி நீக்கம் கிடையாது. மாநில அணிக்குப் போவார். எல்லாரும் என் முதுகில் தட்டி, நல்லவேளை லொரெட்டா பார்த்தாள் என்பார்கள்.

அதை நான் யோசித்தேன். ஒரு மூச்சு விடும் நேரம். யோசித்தேன், பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வழக்கமான குரலில்தான் சொன்னேன், வீடியோவில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

ஜோலீன் முன்பக்கமாக விழுந்தாள். ஸ்டிக்கர் சுருள் மட்டும் மணலில் உருண்டுகொண்டே போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னை உட்கார விடுவதில்லை. ஆர்லோவின் குழல் கோட்டைத் தாண்டியது. ஒரு சாண் தாண்டியது. நான் பார்த்தேன். டெல்மர் செய்தது சரியான தீர்ப்பு. ஆனால் சரியான தீர்ப்பு என்பதற்காகச் சிரிக்க வேண்டுமா என்ன.

ஜோலீன் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் என் வண்டியில் பின்னாலேயே போயிருந்தேன். அன்றைய முடிவுகளைச் சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும், என் களத்துத் தாள் ஒன்று முடியாமல் இருந்தது. டெல்மர் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதுமூடி இன்னும் கழுத்திலேயே தொங்கியது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயும் பாத்தியே லொரெட்டா, உன் கண்ணுக்கும் காலியாத்தானே தெரிஞ்சுது? சொல்லும்மா.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை மெதுவாக விடுவித்து, தாள் செருகிய எழுது அட்டையை அவர் மடியில் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தேன்.

“தகுதி நீக்கத் தாள் டெல்மர். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”