துவைகல்லும் ஒரு சாண் களிமண்ணும்

எங்கள் வீட்டு அடிபம்புக்குப் பக்கத்தில் கிடக்கிற துவைகல் நல்ல கல் ஐயா. மரக்காணத்தில் நல்ல கல் கிடைப்பது லேசில்லை. கடல் பக்கம் தோண்டினால் மணல், உப்பளத்துப் பக்கம் தோண்டினால் களிமண். எங்கள் தெருவே சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளத்துக்கு என் வீட்டுக்காரர் தனகோடிதான் மேஸ்திரி. கல்யாணமான புதிதில் திண்டிவனம் பக்கமிருந்து மாட்டு வண்டியில் அந்தக் கல்லைக் கொண்டுவந்து போட்டார். அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று சொல்வேன். சிரித்துக்கொள்வார்.

சுனாமி வந்து போன சில மாதத்தில், ஊரில் மழைநீர் வடிகால் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பிறகுதான் தெரிந்தது, சர்க்கார் பணம் ஒதுக்கியிருப்பது கட்டுவதற்கு இல்லை, எப்படிக் கட்டலாம் என்று முதலில் திட்டம் போட்டுப் பார்ப்பதற்கு. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போவதில்லையா, அதற்குச் செலவில்லையா? எனக்கு அதில் நியாயம் தெரிந்தது.

அந்த வேலைக்காக ஏதோ ஒரு சென்னைக் கம்பெனி அனுப்பிய இன்ஜினியர்தான் அசோகன். அசையாத கல் ஒன்று வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் என் துவைகல்லில் சிவப்புப் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டார். ஊரின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம், இந்தக் கல் மட்டும் அசையவே கூடாது என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். "கொழம்பு ரொம்ப நல்லா இருக்குதுங்கம்மா," என்று சொல்லி மறுசோறு வாங்கினார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், என் மகள் பூவிழிக்கு இவர்தான் மாப்பிள்ளை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பூவிழியிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு கஷ்டம், அளக்கிற வேலை வைகாசிக்குள் முடிந்துவிடும் என்றார். ஒரு நல்ல சம்பந்தம் கூடிவர அவகாசம் வேண்டாமா?

உப்பளத்தில் வேலை செய்தவளுக்குத் தரையை உயர்த்தச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரக் களிமண்ணைப் பரப்பி, காலால் மிதி மிதி என்று மிதித்துத்தான் பாத்தி கட்டுவோம். காய்ந்துவிட்டால் கடப்பாரைக்கும் லேசில் அசையாது. இன்ஜினியர் ஆட்கள் ஊருக்கு வெளியே கழுவெளி ஏரிப் பக்கம் போயிருந்த ஒரு காலையில் கல்லை நெம்பி, அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களிமண் போட்டு மிதித்து, பழையபடி இறக்கி வைத்தேன். பட்டப்பகலில்தான் செய்தேன். தன் வீட்டுத் துவைகல்லைச் சரி செய்கிறவளை யார் ஐயா கேட்பார்கள்?

ஊரைச் சுற்றி அளந்துகொண்டு அவர்கள் கல்லுக்குத் திரும்பியபோது கணக்கு ஒட்டவில்லை. அசோகன் தலையைச் சொறிந்தார். மெஷினைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிச் சரிபார்த்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். நானும் மறுபடி ஒரு விரல் ஏற்றினேன். வைகாசி போய் ஆனி வந்தது. அலைச்சலில் பிள்ளை இளைத்துவிடப் போகிறாரே என்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். மெஷினில் கண்ணை வைத்துப் பார்க்கிற இன்ஜினியர் எப்போதும் தெருக்கோடியில் நிற்பார். கோடு போட்ட நீளக் கம்பைக் கல்லின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவன் வேறொருவன். கொளஞ்சி என்று கிளியனூர்ப் பையன், தினக்கூலி. கணக்கு ஒட்டாத ஒவ்வொரு முறையும் என் அடிபம்படிக்கு வந்து நின்றவன் அவன்தான்.

"டேய், கம்ப பாருடா," என்று அசோகன் அங்கிருந்து கத்துவார்.

"பாத்துக்கினுதான் இருக்கறேன் சார்," என்று பூவிழியைப் பார்த்துக்கொண்டே இவன் பதில் சொல்வான்.

பூவிழி அந்த மாதங்களில் அவ்வளவு துணி துவைத்தாள். அழுக்குத் துணி தீர்ந்த பிறகு, கொடியில் காய்ந்த துணியையே எடுத்துவந்து திரும்பத் துவைத்தாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனி கடைசியில் அசோகன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். ஆவணியில் கல்யாணம், பெண் சொந்த மாமன் மகளாம். வஞ்சிரம் சாப்பிடும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலமே பூவிழி, "எனக்கு அவரையே கட்டி வச்சிடும்மா," என்றாள். எவரை என்று கேட்டேன். கொளஞ்சியை என்றாள்.

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டால் காரியம் ஆகாது. கணக்கு ஒரு விரல் பிசகினால் இன்ஜினியர் திட்டுவார். ஒரு சாண் பிசகினால் கம்பு பிடித்தவனை வேலையை விட்டே துரத்துவார். ஒரு சாண் ஏற்றுவது லேசில்லை ஐயா, எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. பெற்ற பெண்ணுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

"ஏம்பா, ஒரு கம்ப நேரா புடிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று அசோகன் எகிறினார். கொளஞ்சி கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தப்புதான் சார்," என்றான். அப்போதே கூலியைக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வெயிலில் போகிறானே என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

அதற்குள் கெடு வந்துவிட்டது. அறிக்கை கொடுக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடுமாம். அதனால் ஊர்ப் பக்கத்துக்குப் பழைய அளவையே வைத்துக்கொண்டு, கழுவெளிப் பக்கத்தை மட்டும் புது ஆளை வைத்து, கல் உயர்ந்துவிட்டது தெரியாமல் அதிலிருந்தே அளந்தார்கள். காகிதத்தில் கழுவெளி ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. நேரில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க, எங்கள் தெருவிலிருந்து கழுவெளி வரைக்கும் ஒரு மண் வாய்க்காலும் வெட்டிப் பார்த்தார்கள்.

தண்ணீர் நன்றாகவே ஓடியது. ஐப்பசி மழையில் கழுவெளி நிரம்பி, அந்த வாய்க்கால் வழியாக நேரே எங்கள் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் மீன் கிடந்தது. குழந்தை குட்டிகளோடு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தோம். மழைக்காலத்தில் விற்றுச் சாப்பிடலாம் என்று கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரம், தெருவே அந்த வருடம் முழுக்க வெயிலில் நின்று வாரியது, மொத்தமும் கரைந்து போனது. தனகோடி முழங்கால் தண்ணீரில் நின்று, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் துவைகல் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். வேண்டுமென்றே கம்பைத் தப்பாகப் பிடித்தது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டான். போலீஸில் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேள்வி.

பூவிழி நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கல்லுக்கு அடியில புது மண்ணு இருந்தத அவரு அப்பவே பாத்துட்டாரும்மா. நீ எங்கம்மாங்கறதாலதான் வாயத் தொறக்கல. இப்ப ஒன்ன காப்பாத்த ஜெயிலுக்குப் போறாரு," என்று அழுகிறாள். தனகோடி என்னைத் திட்டக்கூட இல்லை. "தங்கமான பையன்டி சாலம்மா. அவன மீட்டுக்கினு வந்து வர்ற தையிலயே முடிச்சிடலாம்," என்கிறார். தெருவில் சோறில்லாமல் கிடக்கிறவர்கள்கூட அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கல்லை ஏற்றியது நான். விரலும் நான், சாணும் நான். தெருவை மூழ்கடித்ததும், உப்பைக் கரைத்ததும், அந்தப் பையன் வேலையைப் போக்கியதும் நான்தான். அவன் கம்பை நேராகத்தான் பிடித்தான். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் அவன் ஒரு சர்க்கார் அதிகாரியின் முகத்தைப் பார்த்து வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். அதை மட்டும் என் வீட்டுக்காரரிடமும் பூவிழியிடமும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட பொய்யனுக்கு ஒரு தாய் எப்படிப் பெண் கொடுப்பாள்?