இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஷெரிஃப் ஐயா. அன்று டாட்டி போட்ட பீன்ஸில் உப்பு அளவாக இருந்தது. அவள் நடத்தும் மதுக்கூடத்தில் அது அபூர்வம். இன்றைக்கு எல்லாமே நன்றாக நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

என் பெயர் வெண்டல் ப்ரூயிட். ஆஸ்டினில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். அன்று மாலை ஒரே மேடையில் மூன்று குழுக்கள், மூன்றுமே ஆல்ட்-கன்ட்ரி. கன்ட்ரி பாட்டுதான், ஆனால் வானொலிக்காரர்கள் சீண்டமாட்டார்கள். கிதார் கொஞ்சம் அலறும், குரல் கரகரக்கும், சோகம் மட்டும் அசலாக இருக்கும். எனக்கு அதுதான் உயிர்.

முதலில் லப்பக் ஊரிலிருந்து வந்த இரட்டையர்கள். பாஞ்சோவில் இரண்டு தந்தி அறுந்தும் நிறுத்தவில்லை, புண்ணியவான்கள். யாரோ ஒரு பல் டாக்டர் அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய் ஆடவைத்தார். பூட்ஸால் அவர் என் காலை மிதித்ததுகூடச் சுகமாக இருந்தது.

"இந்தப் பாட்ட நாங்க தொண்ணூத்தி மூணுல போட்டோம்" என்றான் இரட்டையரில் ஒருவன்.

"தொண்ணூத்தி நாலு. ஏப்ரல் மாசம்" என்றேன் நான், ஆடிக்கொண்டே.

"அடப்பாவி, என் பொண்டாட்டிகூட இவ்ளோ ஞாபகம் வெச்சுக்கமாட்டாய்யா!"

கூடமே சிரித்தது. "வெண்டல் இருக்கற எடத்துல யாரும் தப்பா சொல்லிட்டுத் தப்பிக்க முடியாதுப்பா" என்று டாட்டி கல்லாவிலிருந்து கத்தினாள். அது எங்கள் கூடத்து வழக்கம். தப்பாகச் சொன்னால் திருத்துவோம். திருத்துவதில் நான்தான் முதல் ஆள்.

அடுத்து மர்ஃபா ஊர்க்காரர்கள், ட்ரம்பெட்டோடு ஐந்து பேர். தொப்பியைத் தூக்கிப்போட்டு ஆடினேன். அது இன்னும் கிடைக்கவில்லை, போகட்டும். அவர்களுக்கு அப்புறம் மார்லிஸ் கெட்டரிங் மேடையேறினாள்.

மார்லிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் புருஷன் விட்டுப்போனபோது, தன் சமையலறையில் உட்கார்ந்தே ஒரு டேப் பதிவு செய்தாள். எட்டே பாட்டு. நான் மூன்று பிரதிகளைத் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன். அப்புறம்தான் டயர் கடை ராய்ஸ் வந்தார். தங்கமான மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குச் சமைத்துப்போட்டார், சிரிக்கவைத்தார். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் தக்காளிச் செடியைப் பற்றி ஒன்று, நாயைக் குளிப்பாட்டுவது பற்றி ஒன்று.

போன வருடம் செப்டம்பரில், நான் டாட்டியின் கூடத்தில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது, டாட்டியிடம் சொன்னாள்: "பாட்ட விட்டுரலாம்னு இருக்கேன்டி. சந்தோஷமா இருக்கேன். இனிமே எதுக்குப் பாடணும்?" அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு குரல் வீணாகப் போவதை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபரில் பெருமழை. ஓடைப் பாதையின் தரைப்பாலத்தை வெள்ளம் மூடியது. மழை என்றால் அங்கே மரத் தடுப்பும் சிவப்பு விளக்கும் வைப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. அன்று ராய்ஸை வண்டியோடு வெள்ளம் கொண்டுபோனபோது அங்கே தடுப்பு இல்லை. காற்று தள்ளியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, நான் சொன்ன அந்த மாலையில்தான் மார்லிஸ் மறுபடி மேடைக்கு வந்தாள். எல்லாம் புதுப்பாட்டு. ஐயோ, நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இருநூறு பேர் தேம்பித் தேம்பி அழுதார்கள். பல் டாக்டர் அம்மா என் தோளை நனைத்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் மார்லிஸ் சொன்னாள்: "வண்டிய மூணு மைல் தள்ளித்தான் எடுத்தாங்க. உள்ள இருந்த டேப்ப தண்ணி கொண்டுபோயிருச்சு. ராய்ஸ் கடைசியா எதக் கேட்டுட்டிருந்தார்னு தெரியல. ரேடியோவா இருக்கும்னு நெனச்சுக்கறேன்."

"ரேடியோ இல்ல மார்லிஸ், உன் மொத டேப்பு" என்றேன். "ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு."

வழக்கம்போல நாலைந்து பேர் சிரித்தார்கள். டாட்டியும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"உனக்கெப்படித் தெரியும், வெண்டல்?" என்று கேட்டாள் மார்லிஸ். மைக்கில்தான் கேட்டாள். மைக் நன்றாக வேலை செய்தது, காலையில் நான்தான் சரிபார்த்திருந்தேன்.

ஆமாம், தடுப்புகளைப் புதருக்குள் இழுத்துப்போட்டது நான். விளக்கை அணைத்ததும் நான். பீக்கான் மரத்தடியில் நின்றிருந்தேன். ராய்ஸ் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தார். வண்டியைத் தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தபோதும் டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார், பெயர் சொல்லியே கூப்பிட்டார். என் வண்டியில் கயிறு இருந்தது. ஆனால் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் அவள் குரல் உடையும், அதைக் கேட்காமல் என்னால் நகர முடியாது.

நேற்று டாட்டி போன் செய்தாள். மார்லிஸ் தன் கிதாரை அந்தத் தரைப்பாலத்திலிருந்து ஓடையில் எறிந்துவிட்டாளாம், இனிமேல் பாடவே மாட்டாளாம். டாட்டி அழுதாள். எனக்குக் கவலை இல்லை. அந்தக் கிதார் மார்லிஸின் கைக்கு எப்போதுமே கொஞ்சம் பெரிது. நல்லதாக வேறொன்று வாங்கப்போகிறாள் என்று நினைக்கிறேன்.