‘கேன்சல்’ பிறந்த கதையும் ஆறு மணி பஸ்ஸும்

தலைமை தாங்கும் ஐயா சொக்கநாதன் அவர்களே, அவருக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யாத பெரியோர்களே, பூப்பறித்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, தேநீர்க் கடையில் நின்றே செவிசாய்க்கும் தோழர்களே, வணக்கம்.

கீரமங்கலம் பூச்சந்தைக்கு நம் மல்லிகையைக் கொண்டுபோன காலை ஆறு மணி பஸ் கேன்சல். காரணம் கேட்க நீங்கள் கூடினீர்கள். நானோ அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன்.

பூர்வீகம் லத்தீன். பொருள், கம்பித் தடுப்பு. எழுதியதை அடிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார்கள். அது தடுப்பைப் போலவே இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றத் தடுப்பருகே நின்ற வாயிற்காவலரின் பெயரும் அதிலிருந்தே வந்தது. அந்தப் பெயர் படிப்படியாய் உயர்ந்து, இன்று பல்கலைக்கழகத்தில் சான்சலராய் வீற்றிருக்கிறது.

என்னம்மா, “அப்ப பஸ்ஸு?” என்கிறீர்களா? வருகிறேன்.

பணிமனை மேலாளரைப் பார்த்தேன். “அந்த ட்ரிப்புல ஒரே டிக்கெட்டுதாங்க. ஒரு ஆளுக்கு எப்பிடிங்க பஸ் விடுறது?” என்றார்.

அந்த ஒரு ஆள் யார்? நம் அமராவதி. அவரோடு போனவை எத்தனை? பதினான்கு வீட்டுக் கூடைகள். “நாந்தான் போறேன்ல, நீங்க எதுக்குப் பொழப்பக் கெடுத்துக்கிட்டு?” என்று அத்தனையையும் அவரே ஏற்றிப் போனார். கூடைக்கு டிக்கெட் போடாத கண்டக்டருக்குக் கைம்மாறு, பஸ்ஸிலிருந்த சாமி படத்துக்கு ஒரு முழம் பூ.

பஸ்ஸை நிறுத்தியது மேலாளரா? கண்டக்டரா? டிக்கெட் கணக்குக் காகிதமா? இல்லை. நம் எல்லோருடைய நல்ல மனசு.

இப்போது ஒன்பது மணி பஸ். அது சந்தை சேர்வதற்குள் வெயிலேறி மொட்டு வாடிவிடுகிறது. வாடிய மல்லிகையை வியாபாரி ஏறிட்டும் பார்ப்பதில்லை. நேற்று பதினான்கு கூடையையும் சந்தை வாசலில் கொட்டிவிட்டு வந்தார் அமராவதி. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் கொடியை வெட்டிக் கடலை போடுவதாக மூன்று வீட்டில் பேச்சு.

ஆகவே நாளைக் காலை பதினான்கு வீடும் பணிமனைக்கு வரட்டும். ஆளுக்கொரு கூடை. ஆளை எண்ணுபவருக்கு ஆளைக் காட்டுவோம். பூவை எண்ணத் தெரியாதவருக்குப் பூவையும் காட்டுவோம்.

“நானே கேட்டுட்டு வாரேன், நீங்க வேலையப் பாருங்க” என்கிறார் அமராவதி. வேண்டாம் அம்மா. உங்களைத் தனியே அனுப்பி அனுப்பித்தான் மற்ற பதின்மூன்று வீட்டாரும் காகிதத்தில் இல்லாமல் போனார்கள்.

எனக்குத் தோட்டமில்லை. யாராவது ஒரு கூடை இரவல் கொடுங்கள், பதினைந்தாவது ஆளாக நிற்கிறேன்.

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி. வணக்கம்.