மொட்டை ரூம்

…மூணாவது தடவையா ரிப்பேர் பார்க்க வந்திருக்கீங்க, மூணு தடவையும் ‘மெஷின் நல்லாத்தான் இருக்கு’ங்கறீங்க. அப்ப என் காதுதான் கெட்டுப்போச்சா? முப்பது வருஷமா இந்த ஸ்டுடியோவுல ரெக்கார்டிங் பண்றேன் சார். எறும்பு தும்முனா எந்த மூலையிலன்னு சொல்லுவேன். நீங்க கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

நம்ம ஊர்ப் பாட்டுன்னா ரேடியோவுல ரெண்டு செகண்டுல கண்டுபிடிச்சிடுவாங்க, தெரியுமில்ல? கிணத்துக்குள்ளேர்ந்து கூப்பிடற மாதிரி ஒரு குரல். இந்த ஊர்த் தண்ணி, இந்த ஊர்க் காத்து அப்படின்னு பேப்பர்லகூட எழுதுனாங்க. தண்ணியாவது காத்தாவது. மாடிப்படிக்குக் கீழ ஒரு மொட்டை ரூம் இருக்கு, வெறும் சிமெண்டு. கொத்தனார் ஒரு சுவரைக் கோணலா கட்டிட்டாரு. பாடறவங்க குரலை அங்க ஸ்பீக்கர்ல விட்டு, எதிர்மூலையில மைக் வச்சு, அது சுத்திட்டு வர்றதைப் பிடிச்சுப் பாட்டோட கலப்போம். எல்லாம் அந்தக் கோணல் சுவர் போட்ட பிச்சை. அதை வச்சு ஊரே காலரைத் தூக்கி விட்டுக்குது.

அந்த ரூமுல ஒரு துரும்பு வைக்க விடுவேனா? டீ டம்ளரை வச்சிட்டு வந்தாருன்னு டிரம்ஸ்காரரை ஒரு வாரம் படியேற விடல.

இப்ப ஒரு மாசமா ரெக்கார்டிங்குல குரல் வறண்டு கிடக்கு. மைக்கை மாத்துனேன், ஒயரை மாத்துனேன், ம்ஹூம். கடைசியில அக்காகிட்டயே சொல்லிட்டேன்… அதான், முதல் பாட்டுலேர்ந்து இங்கயே பாடறவங்க. ‘வயசாகுதில்லக்கா, பழைய ஈரம் இல்ல’ன்னேன். ‘இத்தோட நிறுத்திக்கறேன் தம்பி’ன்னு செருப்பை மாட்டிக்கிட்டாங்க. படியிறங்கும்போது கண்ணைத் துடைச்சாங்க சார். எனக்கு மனசே ஆறல. ஆனா தொழில்னு வந்தா உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்?

எங்க போறீங்க? ஒயர் அங்கதான் போகுது, ஆனா அந்த ரூமுல ஒண்ணும்… பூட்டா? அது, என் பொண்ணு வீட்டுச் சாமான் கொஞ்சம். மாப்பிள்ளைக்கு மாற்றல், என் வீட்டுல கட்டிலைத் தாண்டித்தான் அடுப்படிக்கே போகணும்… சேச்சே, பீரோ பாத்திரமெல்லாம் வைப்பேனா சார்? தொழில் தெரிஞ்சவன். மெத்தைதான். ஆறு மெத்தை, சுவரோரமா. சத்தம் போடாத சாமானாச்சேன்னு…

எப்பவா? இருக்கும்… ஒரு மாசம். இருங்க, திறக்கறேன்.

கையைத் தட்டித் தட்டிப் பாக்காதீங்க சார், போதும். உங்க கை ரெண்டும்தான் கேக்குது, ரூம் பதிலே சொல்லல.

சார்… ஒரு உதவி. இந்தாங்க அக்கா நம்பர். மெஷின்லதான் கோளாறு, இப்பத்தான் கண்டுபிடிச்சேன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நான் அதுக்குள்ள மெத்தையை எடுத்துடறேன்… பையை ஏன் மாட்டறீங்க? நம்பரைப் போட்டுட்டு போனை ஏன் என் கையிலயே திணிக்கறீங்க? அய்யய்யோ, அந்தப் பக்கம் அடிக்குது…

அக்கா… நான்தான். வச்சிடாதீங்கக்கா. உங்க குரல் நல்லாத்தான் இருக்கு.