க்ரீஸல் ஊரின் பாதுகாப்பு மதிப்பெண்

இந்த அறையில் ஹீட்டரைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறீர்கள். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தால் நன்றாக இருக்கும். நன்றி. நான் மலைக்காரன், குளிரில்தான் எனக்கு நிதானமாகப் பேச வரும்.

பெயர் வெண்டெலின் ஷோஃபென். க்ரீஸல் பனிச்சரிவுக் குழுவுக்குப் பதினாறு வருடமாகத் தலைவன். குளிர்காலம் முழுக்கத் தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் கூடி, பனிச்சறுக்குக்கு எந்தச் சரிவைத் திறப்பது, எதைக் கயிறு கட்டி மூடுவது என்று முடிவு செய்வோம். கடைசிக் கையெழுத்து என்னுடையது. நான் திறந்துவிட்ட சரிவில் ஒருவரும் செத்ததில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கோர்பினியனைப் பற்றிக் கேட்டீர்கள். இன்ஸ்ப்ரூக்கில் வரும் ஒரு பத்திரிகைக்காக வருடாவருடம் பத்துப் பனிச்சறுக்கு ஊர்களை ஒப்பிட்டு எழுதுகிறவன் அவன். மலையேற்றும் கம்பிவட லிஃப்டை விட்டு விலகி, ஆள் மிதிக்காத பனியில் இறங்குகிறவர்களுக்கான பட்டியல் அது. மலை எப்படி, பாதுகாப்பு எப்படி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுவான். போன வருடம் எங்கள் மலைக்கு ஐந்து, பாதுகாப்புக்கு இரண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கு வால்டோர்னுக்குப் பாதுகாப்பில் ஐந்து. அங்கே இருக்கும் சரிவில் கைக்குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிவிடலாம், அது அழக்கூடச் செய்யாது.

எங்களுக்கு இரண்டு ஏன் என்றால், கயிற்றைத் தாண்டிப் போன டச்சுக்காரர் ஒருவர் இறந்திருந்தார். கயிறு கட்டியவன் நான், தாண்டியவர் அவர். ஆனால் அச்சில் 'பனிச்சரிவு மரணம்: ஒன்று' என்று எங்கள் ஊருக்கு எதிரேதான் வந்தது. அதன்பிறகு நான் பேக்கரிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவமானமாக இருந்தது. தூக்கம் போயிற்று.

வால்டோர்ன்காரர்கள் அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆதாரம் இல்லாமல் நான் பேசுகிறவன் இல்லை. அவன் கார்க் கண்ணாடியில் அவர்கள் ஊர் ஸ்டிக்கர் இருந்தது. அங்குள்ள விடுதிக்காரி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் ஊரிலோ சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம் என்றாலும் கேட்காமல் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தான். நேர்மையானவனாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவன்தான் அப்படிச் செய்வான்.

இந்த பிப்ரவரியில் மறுபடி வந்தான். கூடவே படம் எடுக்க புர்கி என்ற பெண். மதியம் மலைக்குடிலில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இந்த வருஷமாவது நியாயமா போடுவியா?"

"போடுறேன்யா. மொதல்ல உருப்படியா ஒரு சரிவக் காட்டு. எங்க திரும்பினாலும் உன் கயிறுதான். வீட்ல பொண்டாட்டியையும் இப்படித்தான் கட்டி வெச்சிருக்கியா?"

புர்கி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"பாதுகாப்புக்கு எவ்வளவு?"

"அத பத்திரிகையில பாத்துக்க. இப்பவே சொல்லிட்டா அப்புறம் எதுக்குய்யா நான்?"

மறைக்க ஒன்றும் இல்லாதவன் சொல்லியிருப்பான்.

அன்று சாயங்காலம் ரோஸ்கார் என்ற வடக்குச் சரிவில் குழி தோண்டிப் பார்த்தேன். புதுப் பனிக்கு அடியில், சர்க்கரையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத பழைய படலம். ஒரு ஆள் பாரமே போதும், மேலே உள்ளது மொத்தமும் சரிந்துவிடும். மறுநாள் காலை ரோஸ்காரை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவு மிகச் சரியானது. பத்து மணிக்கு அந்தக் கயிற்றை நானே தூக்கிப் பிடித்து, இருவரையும் உள்ளே விட்டேன்.

"மூடியிருக்கே?" என்றான் கோர்பினியன்.

"அது டூரிஸ்ட்டுங்களுக்கு. நான் நேத்தே தோண்டிப் பாத்துட்டேன்."

"நீ பாத்தாச்சுன்னா சரி."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. எனக்கு இரண்டு போட்டவன் என் வார்த்தையை இவ்வளவு சுலபமாக நம்பியதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இறங்குவதற்கு முன் எல்லோரும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு பீப்பர் கட்டியிருக்கும். அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான், மற்றவர்களின் பீப்பரில் சத்தம் கேட்டு, பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க முடியும். குழுவில் ஒருவர் தன் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் அவரை ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும். முடிந்ததும் அவர் தன்னுடையதை மறுபடி அனுப்பும் நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பினாரா என்று பார்ப்பது கடைசியாகக் கடந்தவரின் வேலை. அன்று நின்றவன் கோர்பினியன். புர்கி போனாள், பிறகு நான் போனேன். கோர்பினியன் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே பீப்பரை அப்படியே சட்டைக்குள் செருகினான். எங்களில் எல்லோருக்கும் ஒரு முறையாவது நேர்ந்திருக்கும் மறதிதான். "உன்னுது?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கொல்லும் எண்ணத்தோடு அவனை அங்கே கூட்டிப் போகவில்லை. நல்ல சரிவு கேட்டான், காட்டினேன்.

கோர்பினியன்தான் முதலில் இறங்கினான். அவனுடைய மூன்றாவது திருப்பத்தில் சரிவின் குறுக்கே விரிசல் ஓடியது, பனி மொத்தமாகக் கிளம்பி அவனை வாரிக்கொண்டு போனது. எல்லாம் அடங்கியதும், மேலேயே நின்று மீட்புப் படைக்கு போன் செய் என்று புர்கியிடம் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு சிவப்புக் கையுறை வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. நான் முதுகுப்பையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். பிறகு நாற்பது தப்படி கீழே போய், நீளக் கோலால் பனியைக் குத்தித் தேட ஆரம்பித்தேன்.

புர்கி அழுதுகொண்டே வந்தாள். "சத்தம் வருதா? ஏதாவது வருதா?"

"வரலம்மா," என்றேன். அது பொய் இல்லை.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் காலால் கொஞ்சம் பனியைத் தள்ளினேன். மீட்பு நாய்தான் அவனைக் கண்டுபிடித்தது. அனுபவசாலி, பீப்பரைத் திருப்ப மறந்துவிட்டான், பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் நீங்களும் விபத்து என்று எழுதி வழக்குக் கோப்பை மூடிவிட்டீர்கள். நான் வந்திருக்காவிட்டால் அது மூடியபடியே இருந்திருக்கும்.

போன வாரம் பத்திரிகை வந்தது. கறுப்புக் கட்டம் போட்டு அவன் படம். அவனுடைய குறிப்பேட்டில் எங்கள் பாதுகாப்புக்கு நான்கு என்று எழுதியிருந்தானாம். நிதானமான ஆட்கள், கயிறு கட்டத் தயங்காதவர்கள் என்றும் எழுதியிருந்தானாம். ஐந்தே போட்டிருக்கலாம். ஆனால் அவன் சாவுக்குப் பிறகு ஆசிரியர்கள் அதைத் திருத்தி, எங்களுக்கு ஒன்று போட்டுவிட்டார்கள். காரணம், மறுபடியும் ஒரு பனிச்சரிவு மரணம்.

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். இதைக் கொலை என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு ரோஸ்கார் முறைப்படி மூடித்தான் இருந்தது. எங்கள் பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை.