மேலே இருந்து ஆர்லோ கூப்பிட்டான்

ஹீட்டர் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் டுவைட்டின் மாமா லெஸ்டருக்கு நடந்தது.

சாயங்காலம் ஐந்தரை மணி. ஜனவரி மாத பஃபலோ நகரத்தில் அது நடுராத்திரிக்குச் சமம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைச் சாலையில் லெஸ்டரின் வண்டியைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை...

அவர் போனது பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு. மறுநாள் அங்கே கச்சேரி. கூரையிலிருந்து ஸ்பீக்கர்களைச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். அதுதான் லெஸ்டருக்கும் ஆர்லோவுக்கும் வேலை. இருபது வருடக் கூட்டாளிகள். கூரைக்கடியில் ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய இரும்புப் பாலம். இடுப்புக் கயிற்றை மாட்டாமல் லெஸ்டர் ஓரடி வைத்தாலும் ஆர்லோ காது கூசத் திட்டுவான். அப்படிப்பட்ட நண்பன்.

வாசலில் காவலுக்கு பெர்னிஸ் இருந்தாள்.

"ஆர்லோ வந்தாச்சா?"

"நான் பாக்கல. பின்வாசல் வழியா வந்திருப்பாரு."

அதற்குள் லெஸ்டரின் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கிழவா... நான் மேலதான் இருக்கேன். ஏறி வா."

ஏறினார். கீழே வெறும் பனித்தளம், இருட்டில் சாம்பல் நிறமாக. பழைய பீர் வாடை, பாப்கார்ன் வாடை. மேலே போகப் போக வேறொரு வாடை... ஈரச் சேறு, பாசி.

"லைட்டப் போடட்டுமா?"

"வேணாண்டா. கண்ணு கூசுது."

லெஸ்டர் இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கம்பியில் மாட்டப் போனார்.

"அதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல. நேரா வா."

ஆர்லோவா இப்படிச் சொல்கிறான்? ஒரு கணம் உறுத்தியது. ஆனாலும் சொன்னது அவனாயிற்றே. கொக்கியை விட்டுவிட்டு நடந்தார். டங்... டங்... காலடியில் இரும்பு அதிர்ந்தது. முன்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"இன்னும் ஒரே எட்டு. வா."

வைத்தார். காலுக்கடியில் ஒன்றுமே இல்லை.

எப்படியோ ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. உடம்பு முழுவதும் அந்தரத்தில். உன்னி உன்னி ஏறிப் படுத்து, டார்ச்சை அடித்தார். பழுதுபார்க்கக் கழற்றிய பாலத்துத் தகடு, இடைவெளிக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்தது. அங்கே யாரும் இல்லை.

"ஆர்லோ! ஏண்டா இப்படிப் பண்ண? என்னையாடா?"

வாக்கி-டாக்கியில் இரைச்சல். அப்புறம் மெதுவாக...

"தனியா இருக்கேண்டா."

தவழ்ந்து தவழ்ந்து இறங்கி வந்தார். பெர்னிஸ் கையில் போனோடு அழுதுகொண்டிருந்தாள். ஆர்லோவின் கார் சறுக்கி, ஏரியின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு மூழ்கியிருந்தது. மத்தியானமே.

லெஸ்டர் அழவில்லை. சவப்பெட்டியைத் தூக்கத் தோள் கொடுக்கவும் போகவில்லை. ஊரே காறித் துப்பியது. இருபது வருடம் உயிரை அவன் கையில் கொடுத்து வைத்திருந்தவர். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு வாரம் கழித்து ஆர்லோவின் மனைவி ரூத்தான் வீடு தேடி வந்தாள். உட்காரவில்லை.

"கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்தீங்க. பெட்டியத் தூக்கக்கூட வரலயே. அவரு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணாரு?"

சொல்லிவிட்டார். பைத்தியம் என்று கத்துவாள் என நினைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களையுமா?" என்றாள்.

"என்ன சொல்ற?"

"அன்னைக்கு சாயந்தரம் வீட்டு போன் அடிச்சுது. அவரு குரல்தான். 'ஏரிக்கரைக்கு வா, பாப்பாவையும் கூட்டிட்டு வா'ன்னாரு. கார் ரிப்பேர் ஆகி நிக்குதாக்கும்னு நினைச்சு நானும் கோட்டை மாட்டிட்டு அவளைத் தேடினேன். அவ ஏற்கெனவே பூட்ஸ் போட்டுட்டு, பனியில பாதித் தெரு போயிட்டா..."

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"யாரோ கையைப் பிடிச்சுட்டு நடக்கற மாதிரி, ஒரு கையை மேல தூக்கிட்டு."