தங்க நரி பிடித்த நாள்

சார், சித்திரை மாதத்தில் கடலாடிப் பக்கம் ஐஸ் உருகத்தான் செய்யும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

உங்கள் தொண்டு நிறுவனத்துக்காக ஏழு வருஷமாக ஆடுகளுக்கு ஊசி போடுகிறேன். ஒரு கெட்ட பெயர் இல்லை. 2005 தொடக்கத்தில், என் கூட்டாளி கீழக்கரை ஹாஜா முகைதீன் துபாயிலிருந்து வந்தபோது சோப்பு டப்பா அளவில் ஒரு வீடியோ கேம் கொடுத்தான். அதில் புல்லுக்குள் நடந்தால் விசித்திரப் பிராணிகள் வரும். பந்து வீசிப் பிடிக்கலாம், பெயர் வைக்கலாம், சண்டைக்குப் பழக்கலாம். அடிபட்டு விழுந்தாலும் அங்கே ஒரு ஆஸ்பத்திரி உண்டு, ஐந்து விநாடியில் எழுந்து நிற்கும். கழிச்சல் கிடையாது, புழு கிடையாது, சொந்தக்காரர் வந்து கத்துவதும் கிடையாது. வருஷக்கணக்கில் ஆட்டுப் புழுக்கையில் நின்றவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சித்திரையில் வேப்பங்குளத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம். நூற்று அறுபது ஆடுகள். மருந்தைக் கலக்கினால், ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அது வெறும் தண்ணீர். எனக்கு இது தெரியும், தெரியாது என்று சொல்லமாட்டேன். கலக்கி வைத்துவிட்டு, ஆடுகள் வந்து சேருவதற்குள் ஒரு ஆட்டம் பார்ப்போம் என்று கருவேல நிழலில் உட்கார்ந்தேன். தங்க நரி வந்தது. இரண்டு மாதமாக நான் தேடிய பிராணி. பந்து வீசினால் ஓடிவிடும், மறுபடி தேட வேண்டும். ஊர்க்காரர்களிடம் மருந்து ஊற வேண்டும் என்றேன். காத்திருந்தார்கள். பொறுமையான சனங்கள்.

நரி சிக்க ஐந்து மணி நேரம் ஆனது. மருந்துப் பெட்டியில் ஐஸ் தண்ணீராகி, தண்ணீர் குளிக்கிற சூட்டுக்கு வந்திருந்தது. அவ்வளவு நேரம் வெயிலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பினால் பாவம். எல்லா ஆட்டுக்கும் போட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை.

ஒருத்தி மட்டும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிச்சையம்மாள், கூலி வேலைக்குப் போகிறவள், ஒன்பது ஆடு வைத்திருந்தாள்.

"அண்ணே, பொட்டி சுடுதே. ஐசு வைக்கலியா?"

"வச்சிருக்கு தாயி. வெயிலு அப்பிடி."

அவள் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கேமைப் பார்த்தாள்.

மூன்று வாரத்தில் ஊர் ஆடுகளுக்கு மூக்கு ஒழுகியது. பிறகு செத்தன, நூற்றுப் பத்து வரைக்கும். பிச்சையம்மாள் முதல் இருமல் கேட்ட அன்றே தன் ஆடுகளை உப்பளப் பக்கம் தனியே ஓட்டிப்போயிருந்தாள். ஒன்பதும் பிழைத்தன. ஏன் அப்படி ஓட்டினாய் என்று யாராவது கேட்டால் அவள் பெட்டியைப் பற்றிச் சொல்லுவாள். அது இயல்புதான்.

ஊர்த்தலைவர் மூக்கையா என்னிடம் கேட்டார். "இம்புட்டு ஊசி போட்டும் ஏன்யா சாகுது?"

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "யாரும் சந்தையில ஆடு பிடிச்சாந்தீகளா?"

பங்குனியில் முதுகுளத்தூர்ச் சந்தையில் பிச்சையம்மாள் ஒரு குட்டி வாங்கியிருந்தாள். அதற்குக் குடற்புழு மருந்து கொடுத்ததே நான்தான். நல்ல ஆரோக்கியமான குட்டி. மூக்கையா அவள் பெயரைச் சொன்னதும் "அப்படியா" என்றேன். மிச்சத்தை ஊரே செய்துகொண்டது.

அவள் ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லத்தான் செய்தாள். "பொட்டி சுட்டுச்சுய்யா. இவரு வெளாண்டுக்கிட்டு இருந்தாரு."

"அப்ப ஒன் ஆடு மட்டும் எப்பிடிப் பொழச்சுச்சு?" என்றார் மூக்கையா.

அன்று மாலையே ஒன்பதையும் அடித்துப் புதைத்தார்கள். குழியில் சுண்ணாம்பு தூவியது நான்தான். அது முறைப்படி செய்ய வேண்டிய வேலை, மற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவள் வீடு பூட்டிக் கிடந்தது.

எங்கே போனாள் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நரிக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் முழுப்பெயருக்கு இடமில்லை, பிச்சை என்று மட்டும். இந்த ஒரு வருஷத்தில் அதை ஒரு சண்டையிலும் தோற்கவிட்டதில்லை. அவளை நான் கைவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, சார்.